வாய்க்கால் வரைந்தவர் மேடையேறட்டும்: கட்டற்ற மென்பொருள் தன்னார்வலரின் முதல் உரைக்கு ஒரு வழிகாட்டி

நீடாமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர், யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், இரண்டு வருடமாக வாய்க்கால்களை வரைந்துகொண்டிருக்கிறார். வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கீழே, பெரிய ஆறுகள் எல்லாம் வரைபடத்தில் முன்பே இருந்தன. அவற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் சின்ன வாய்க்கால்கள்தான் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருளில், ஆர்வம் உள்ள நாங்கள் கும்பகோணத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம். அவரும் வருவார். பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேசாமல் கிளம்பிவிடுவார்.

"அடுத்த மாநாட்டுல நீ ஒரு உரை குடு தம்பி" என்றேன் ஒருநாள்.

"நான் என்னண்ணே பேசுறது? நான் கோடு போடுறவன். புரோகிராம் எழுதுறவங்க பேசட்டும்."

சரி என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது வேறு ஒன்று கேட்டேன். "பாசன வாய்க்காலையும் வடிகாலையும் மேப்புல எப்படிப் பிரிச்சுக் காட்டுற?"

டீ ஆறிப்போனதுதான் மிச்சம். இருபத்தைந்து நிமிடம் பேசினார். வரைபடத்தில் ஒரு நீர்வழிக்கு ஒரு வகைதான் கொடுக்க முடியும்: கனால் (பாசன வாய்க்கால்) என்றோ டிரெயின் (வடிகால்) என்றோ. நம் ஊரில் மேட்டு வயலின் வடிகால்தான் பள்ளத்து வயலுக்குப் பாசன வாய்க்கால். அப்படியானால் எதைக் கொடுப்பது? இன்னொன்று, நீர்வழியைத் தண்ணீர் ஓடும் திசையில்தான் வரைய வேண்டும் என்பது அங்கே விதி. செயற்கைக்கோள் படத்தில் வாய்க்கால் தெரியும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியாது. அதற்காக அவர் சைக்கிளில் போய் ஒவ்வொரு மதகாகப் பார்த்திருக்கிறார். மதகுக்கு எந்தப் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்து நிற்கிறதோ அதுதான் தண்ணீர் வரும் பக்கம்.

அவர் மாநாட்டில் பேச வேண்டிய உரை முழுவதும் அந்த டீக்கடையிலேயே வந்துவிட்டது. அதை உரை என்று நினைக்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் எழுதுகிறார்கள், மென்பொருளைத் தமிழாக்குகிறார்கள், எழுத்துருவில் வழு (பிழை) கண்டுபிடித்துத் தெரிவிக்கிறார்கள், பள்ளிக்கூடக் கணினியில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவித் தருகிறார்கள். மேடை என்றதும் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கும், அவர்களை முன்வரிசைக்கு அழைத்துவர நினைக்கிறவர்களுக்கும்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. ஒரு மென்பொருள் நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்றால், அது பொருந்தாத இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் அதைச் செய்கிறவர்களுக்குத் தெரியும். இன்று பலர் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விவாதங்களை ஒட்டி வந்தது அது. நாலு பேர் எழுந்து "எனக்கு இது இப்படி இருந்தால் வசதி" என்று பேசியது இன்றைக்கும் நம் விரலில் இருக்கிறது.

படி 1: பேச என்ன இருக்கிறது என்று தேடுங்கள்

"எதைப் பற்றிப் பேசலாம்?" என்று மொட்டையாக யோசித்தால் எதுவும் வராது. ஒரு தாளை எடுத்து இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். எந்தப் பிரச்சினை உங்களை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது? எந்த விஷயத்தை இதுவரை இரண்டு பேருக்காவது விளக்கியிருக்கிறீர்கள்? போன வருடம் இதே நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எதை நினைக்கிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் நல்ல உரையாகிறது. பத்து வருட அனுபவக்காரருக்குத் தொடக்கத்தில் தடுக்கி விழுந்த இடங்கள் மறந்துபோயிருக்கும். ஆறு மாதம் முன்பு கற்றுக்கொண்டவருக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க அவரே பொருத்தமானவர்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருவாரூரில் டிடிபி கடையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி, பாமினி என்னும் பழைய முறை எழுத்துருவில் அடித்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளும் பின்பற்றும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற, பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினார். பாமினியில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். ஒருங்குறியில் முதலில் க, அதற்குப் பின்னால்தான் 'ஒ'கரக் குறி. ஆகவே கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். இது எளிது. சிக்கல் வந்தது 'கௌரி'யில். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியை 'ள' போட்டுத்தான் அடிப்பார்கள். மாற்றிய பட்டியலில் கௌரி எல்லாம் 'கெளரி' ஆகிவிட்டது. பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. சரி, கொம்பும் 'ள'வும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று எழுதினார். உடனே 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் உடைந்தன. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி இது: 'ள'வுக்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ள, இல்லாவிட்டால் ஔகாரம். அதிலும் தப்பி வருவதை ஒரு சொற்பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்.

இதைக் கேட்கும்போதே உங்களுக்கு 'அப்புறம் என்ன ஆச்சு' என்று தோன்றியிருந்தால், அது உரை. அந்த நிரல் மொத்தமும் நூறு வரிகூட இருக்காது. அதனால் உரையின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

நிரலே எழுதாதவர்களுக்கும் இதே கதைதான். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணினிகளுக்கு எடை குறைந்த லினக்ஸ் போட்டு மறுபடி ஓட வைத்திருக்கிறீர்களா? எந்த மாடலில் வைஃபை வேலை செய்யவில்லை, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பது ஓர் உரை. மென்பொருளைத் தமிழாக்கும்போது ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பேர் மூன்று தமிழ்ச் சொல் போட்டு, பேசித் தீர்த்துக்கொண்டீர்களா? அந்தப் பேச்சுவார்த்தையே ஓர் உரை.

படி 2: தலைப்பை ஒரு மதகு அளவுக்குச் சுருக்குங்கள்

முதல்முறை பேசுகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்று. "லினக்ஸ் ஓர் அறிமுகம்", "கட்டற்ற மென்பொருளின் வரலாறு" என்று முழு ஆற்றையும் எடுத்துக்கொள்வார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குத் தொடக்கமான குனு திட்டம் 1983-இல் அறிவிக்கப்பட்டது, லினக்ஸ் 1991-இல் வந்தது என்று தொடங்கினால், உங்கள் வேலைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அந்த ஆண்டுகள் எல்லோருக்கும் கிடைக்கும். உங்கள் மதகைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான்.

"ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறிமுகம்" என்பதை "வாய்க்காலா, வடிகாலா? டெல்டாவின் நீர்வழிகளை வரைபடத்தில் குறிப்பது" என்று மாற்றுங்கள். "தமிழ் எழுத்துருக்கள்" என்பதை "கௌரியைத் தேடினேன், கிடைக்கவில்லை" என்று மாற்றுங்கள். இப்படிச் சுருக்கிய பிறகு, கேட்டவர் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருப்பார் என்றால் அது எதுவாக இருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யட்டும்.

படி 3: சின்ன மேடையில் தொடங்குங்கள்

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை பார்த்திருப்பீர்கள். பெரிய வித்வானும் அங்கே சில நிமிடம்தான் பாடுவார், முதல்முறை மேடை ஏறும் பிள்ளைக்கும் சில நிமிடம்தான். ஒரு கீர்த்தனை பாடுவார்கள், இறங்குவார்கள், அடுத்தவர் ஏறுவார். மென்பொருள் மாநாடுகளிலும் இதேபோல் ஒன்று உண்டு: லைட்னிங் டாக் என்னும் ஐந்து நிமிட உரை. பல மாநாடுகளில் அதற்கு முன்கூட்டி விண்ணப்பம்கூட வேண்டாம், அன்று காலையில் பலகையில் பெயர் எழுதினால் போதும். முதல் உரைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதற்கும் முன்னால், உங்கள் ஊரிலேயே பத்துப் பேர் கூடும் சந்திப்பில் பேசிவிடுங்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள். அதைக் கொண்டாடும் கல்லூரிகள் பேச ஆள் தேடும். ஆகஸ்ட் மாதமே உங்களுக்குத் தெரிந்த கணினித் துறை ஆசிரியரிடம் "நான் அரை மணி நேரம் பேசுகிறேன்" என்று சொல்லிவைத்தால், மறுக்க மாட்டார்கள்.

பெரிய மேடைகளும் எட்டாத தூரத்தில் இல்லை. 2022-இல் தமிழ் இணைய மாநாடு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் திட்டத்தின் உலக மாநாடு 2023-இல் கொச்சிக்கு வந்தது. பைத்தான்காரர்களுக்கு 2009 முதல் பைகான் இந்தியா இருக்கிறது. இணையதளம் உருவாக்கும் வேர்ட்பிரஸ்காரர்களுக்கு வேர்ட்கேம்ப், வரைபடக்காரர்களுக்கு ஸ்டேட் ஆஃப் தி மேப். உங்கள் வேலை எந்தத் திட்டத்தைச் சேர்ந்ததோ அதன் மாநாட்டைத் தேடுங்கள். அங்கே உட்காரப் போகிறவர்களுக்கு உங்கள் பிரச்சினை பாதி ஏற்கெனவே தெரியும் என்பதால் பேசுவது எளிது.

படி 4: விண்ணப்பம் எழுதுங்கள்

மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் உரைகளுக்கான அழைப்பு வரும். படிவத்தில் தலைப்பு, சுருக்கம், யாருக்கான உரை, எவ்வளவு நேரம், உங்களைப் பற்றி நாலு வரி, இவைதான் கேட்பார்கள். இதில் சுருக்கம்தான் உயிர். தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் தன்னார்வலர்களே. வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து ஏராளமான விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். முதல் இரண்டு வரியில் பிரச்சினை தெரிய வேண்டும்.

நீடாமங்கலம் தம்பியின் விண்ணப்பம் முதலில் இப்படித் தொடங்கியது: "இந்த உரையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்றால் என்ன, அதன் பயன்கள், அதில் பங்களிப்பது எப்படி என்பவை விளக்கப்படும்." யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி இது. இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"காவிரி டெல்டாவில் ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் பாசன வாய்க்கால். வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வகை இருப்பதால், எந்த வகையைக் கொடுத்தாலும் பாதி தவறாகிறது. தண்ணீர் ஓடும் திசையைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து அறிய முடியாது. இரண்டு ஆண்டுகள் நேரில் போய்ப் பார்த்து வாய்க்கால்களை வரைந்த அனுபவத்திலிருந்து, நான் பின்பற்றிய முறையையும், இன்னும் தீராத இரண்டு சிக்கல்களையும் சொல்லப்போகிறேன். வரைபடத்தில் ஒருமுறையாவது எதையாவது சேர்த்தவர்களுக்கு இந்த உரை ஏற்றது."

உங்களைப் பற்றி எழுதும் இடத்தில் பட்டம், பதவி தேட வேண்டாம். "திருவாரூரில் டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன், பழைய தமிழ்க் கோப்புகளைத் தினமும் கையாள்கிறேன்" என்பதே அந்த உரைக்கு வேண்டிய தகுதி.

விண்ணப்பம் திரும்பி வரலாம். இடம் இருப்பது இருபது உரைக்கு என்றால், நல்லதாக இருந்தும் பல வெளியே போகும். காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பலர் பதில் தருவார்கள். திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்புங்கள்.

படி 5: உரையைக் கட்டுங்கள்

தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் காலத்திலிருந்து கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த பூமி இது. அந்த முறையைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கதைதான் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் கிளைக்கதை வரும், பாட்டு வரும், ஆனால் விட்ட இடத்துக்குச் சரியாகத் திரும்பி வருவார்கள். கேட்பவருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்ற குழப்பமே வராது. உங்கள் உரைக்கும் ஒரு கதை போதும்: இந்தச் சிக்கல் வந்தது, இதை முயன்றேன், இது உடைந்தது, இப்படிச் சரியானது. தொழில்நுட்ப விளக்கங்கள் எல்லாம் கிளைக்கதைகள். சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம் கொடுத்தால் இருபது நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். மேடையில் மைக் சரிசெய்யவும், கேள்விக்கும் மீதி நேரம் போய்விடும்.

ஸ்லைடு செய்ய லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரெஸ் தாராளம். ஒரு ஸ்லைடில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் பெட்டியில் தமிழ் அடங்காது. எழுத்தின் அளவை 28-க்குக் கீழே இறக்காதீர்கள். நிரலைக் காட்டுவதாக இருந்தால் முழுக் கோப்பையும் ஒட்ட வேண்டாம், பேசப்போகும் ஏழெட்டு வரி மட்டும் போதும்.

தமிழ் ஸ்லைடு செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது: கடைசிப் பிரதியைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கையில் வைத்திருங்கள். ஒரு கல்லூரியில் நான் பேசப் போனபோது என் மடிக்கணினியை இணைக்க முடியாமல் அங்கிருந்த கணினியில் கோப்பைத் திறந்தோம். நான் பயன்படுத்திய எழுத்துரு அதில் இல்லை. கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி, முதல் ஸ்லைடே படிக்க முடியாமல் நின்றது. அரங்கில் எண்பது மாணவர்கள். ஸ்லைடை அணைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதித்தான் பேசினேன். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.

நேரடியாக ஏதாவது ஓட்டிக் காட்டப்போகிறீர்கள் என்றால், அதையே வீட்டில் ஒருமுறை திரைப்பதிவு செய்து வீடியோவாக வைத்துக்கொள்ளுங்கள். அரங்கில் இணையம் போனால் அதைப் போடலாம்.

படி 6: எந்த மொழியில் பேசுவது என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது, எனவே வெளிப்படையாகப் பேசிவிடலாம். தமிழ்நாட்டில் நடக்கும் கூட்டம் என்றால் தமிழில் பேசுங்கள். 'கமிட்', 'புல் ரிக்வெஸ்ட்', 'மெர்ஜ்' போன்ற நிரலாளர்களின் ஆங்கிலச் சொற்களை அப்படியே சொல்லலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் முதல்முறை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு தமிழ்ச் சொல்லையே பயன்படுத்துங்கள். வெளிமாநில மாநாட்டில் ஆங்கிலம் தேவைப்படும். அங்கே இலக்கணம் பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஸ்லைடில் முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசினால் போதும். எழுதி வைத்துப் படிக்க வேண்டியிருந்தால் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளது உங்கள் வேலை, அது தானாக வரும்.

படி 7: மூன்று முறை ஒத்திகை பாருங்கள்

முதல் ஒத்திகை தனியாக. கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே வேகமாக ஓடுகிறீர்கள், எத்தனை 'ஆக்சுவலா' வருகிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது, விஷயம் தெரிந்த இரண்டு பேர் முன்னால். தவறுகளை அவர்கள் பிடிப்பார்கள். மூன்றாவது, விஷயமே தெரியாத ஒருவர் முன்னால். இதைத் தவறவிடாதீர்கள்.

தம்பியின் மூன்றாவது ஒத்திகை அவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் படம் விழவைத்தோம். அவருடைய அப்பா கைலியோடு வந்து கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க அந்த வாய்க்கால்களில் தண்ணீர் பாய்ச்சியவர். மகன் வரைந்த வரைபடத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திசை பற்றிய ஸ்லைடு வந்ததும், "இரு இரு" என்று எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இந்த மதகு தானே இது? அடை மழையில இதைச் சாத்திட்டா, கீழ ஆறு நிரம்பி தண்ணி திரும்பி ஏறும்பா. அப்ப இந்த அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டும்?"

தம்பி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பக்கமும் மற்ற மாதங்களில் மறுபக்கமும் ஓடும் வாய்க்காலை ஒரே கோட்டில் எப்படிக் காட்டுவது?

அந்தக் கேள்விதான் உரையின் கடைசி ஸ்லைடு ஆனது. "இதற்கு என்னிடம் விடை இல்லை. உங்கள் ஊரில் இப்படி உண்டா? எப்படிக் குறித்தீர்கள்?" தன்னார்வலர் மாநாட்டில் விடை தெரியாத கேள்வியோடு போவது முழுக்க முறைதான். விடை தேடும் ஆட்கள் மொத்தமாகக் கூடும் இடம் அதுதானே.

படி 8: வீட்டில் சொல்லி, பயணத்தை ஏற்பாடு செய்யுங்கள்

பெங்களூருக்குப் போகிறேன் என்று ஒரு கல்லூரிப் பெண் வீட்டில் சொன்னால், முதல் கேள்வி "யாரோட?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்க உதவுவது அழைத்தவர்களின் பொறுப்பு. ஏற்பாட்டாளர்களிடம் பெயர் போட்ட அழைப்புக் கடிதம் கேளுங்கள், தருவார்கள். அதே மாநாட்டுக்குப் போகும் இன்னொரு பெண்ணின் எண்ணை வீட்டில் கொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசும் உரையாக விண்ணப்பித்தால் பயணத்துக்கும் துணை, மேடையிலும் துணை.

செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உரையாளர்களுக்குப் பயணச் செலவோ தங்குமிடமோ தரும் மாநாடுகள் இருக்கின்றன. சில இடங்களில் அதற்குத் தனிப் படிவமும் தனிக் கடைசித் தேதியும் இருக்கும், உரை தேர்வாகும்வரை காத்திருந்தால் அது முடிந்துவிடும். சென்னை என்றால் உழவன், மன்னை போன்ற இரவு வண்டிகளில் போய்க் காலையில் இறங்கலாம். ஆனால் முதல் உரைக்குத் தூக்கம் கெட்டுப் போகாதீர்கள், முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். விவசாய வீடாக இருந்தால் தேதியையும் பாருங்கள். தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்புவது யாருக்கும் மனசு வராது.

அழைக்கிறவர்களுக்கு

வாட்ஸ்அப் குழுவில் "யாராவது பேச விருப்பமா?" என்று போட்டால் பதில் வராது. அது விருப்பமின்மை இல்லை. 'யாராவது' என்றால் தன்னை இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பெயர் சொல்லி, தனியாக, அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "அக்கா, நீங்க அந்தக் கௌரி பிரச்சினையைச் சரிசெஞ்சீங்கல்ல, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசுறீங்களா?" இதற்கு வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

முடியாது என்றால் ஒருமுறை விட்டுவிடுங்கள். நீடாமங்கலம் தம்பியிடம் நான் கேட்டதைப் போல டீக்கடையில் கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் பேசும்போது நீங்கள் குறிப்பெடுத்து, "இதோ உங்க உரை" என்று தாளைக் கையில் கொடுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுங்கள். ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். அன்றைக்கு முன்வரிசையில் அவர் கண்ணில் படும் இடத்தில் இருங்கள், தலையாட்டுங்கள். அவர் ஒரு தகவலைத் தவறாகச் சொன்னால் மேடையிலேயே கையைத் தூக்கித் திருத்தாதீர்கள். இறங்கி வந்த பிறகு, தண்ணீர் குடித்த பிறகு, தனியாகச் சொல்லுங்கள். முதல் உரையில் கூட்டத்துக்கு முன்னால் திருத்தப்பட்டு, அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வராமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

படி 9: உரை நாள்

அரை மணி முன்னதாக அரங்குக்குப் போய் மடிக்கணினியை இணைத்துப் பாருங்கள். பழைய அரங்குகளில் விஜிஏ கம்பிதான் இருக்கும், உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். மாற்றியை நீங்களே கொண்டுபோங்கள். கடைசி வரிசையில் நின்று ஸ்லைடு படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மைக்கை வாய்க்கு ஓர் உள்ளங்கை அளவு தள்ளிப் பிடியுங்கள். தொண்டை காய்ந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொடருங்கள். கேட்பவர்களுக்கும் அந்த இடைவெளி நல்லது. மின்சாரம் போனால் இரண்டடி முன்னால் வந்து குரலை உயர்த்திப் பேசுங்கள்.

கேள்வி வந்தால் முதலில் அதை மைக்கில் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன், உங்கள் மின்னஞ்சலைத் தாருங்கள்" என்பது முழுமையான பதில்.

படி 10: பேசி முடித்த பிறகு

திரும்பும் வண்டியிலேயே, வந்த கேள்விகளை எல்லாம் எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். அவற்றில் எது வழு, எது புதிய வசதிக்கான கோரிக்கை என்று பிரித்து, உங்கள் திட்டத்தின் வழுப்பட்டியலில் பதியுங்கள். மின்னஞ்சல் வாங்கியவர்களுக்கு அந்த வாரத்துக்குள் பதில் போட்டுவிடுங்கள்.

ஸ்லைடை, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் ஏற்றுங்கள். மற்றவர் எடுத்த படம் எதையாவது சேர்த்திருந்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் அந்தப் படத்துக்குக் கீழேயே போட்டிருக்க வேண்டும். பிடிஎஃப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துப் போட்டால், அடுத்த ஊரில் இன்னொருவர் அதை எடுத்துத் தன் வாய்க்கால் படங்களைப் போட்டுப் பேச முடியும். முதல் ஸ்லைடில் தேதியையும், நீங்கள் பேசிய மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்துத் திறப்பவருக்கு, அந்த வழு அப்போது இருந்ததா, சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அது வேண்டும்.